மல்டிபிள் எக்ஸ்போஷர்: படம் கேமராவுக்குள்ளேயே கெடுவது எப்படி?

ஒரே ஃப்ரேமில் இரண்டு மூன்று காட்சிகளை அடுக்கி எடுக்கும் மல்டிபிள் எக்ஸ்போஷர் வசதி இப்போது நடுத்தர விலைக் கேமராக்களிலும் வந்துவிட்டது. மெனுவில் ஆன் செய்து ஷட்டரை இரண்டு தடவை அழுத்தினால் படம் தயார். பின்பக்கத் திரையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கும்போதுதான் சேதாரம் தெரியும். நிழல் பகுதியில் பொடிப்பொடியாக நாய்ஸ், வானத்தில் கோடு கோடாக ஏதோ ஒன்று, வெளுத்துப்போன வெள்ளை, மொத்தப் படத்திலும் ஒரு சாம்பல் பூச்சு. லென்ஸ் சரியில்லை, சென்சார் பழசு என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுவல்ல. ஃப்ரேம்களை ஒன்றாக்கக் கேமரா எந்தக் கணக்கைப் போடுகிறதோ, அந்தக் கணக்குக்கென்றே உள்ள கோளாறுதான் படத்தில் வரும். கணக்கு புரிந்தால் கோளாறையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஃபிலிமில் நடந்தது வேறு. ரோலை நகர்த்தாமல் ஷட்டரை மறுபடி திறந்தால் அதே துண்டின் மேல் வெளிச்சம் நேரடியாகச் சேர்ந்துகொண்டது. எத்தனை தடவை திறந்தாலும் கழுவியது ஒரே தடவை. டிஜிட்டலில் ஒவ்வொரு ஷாட்டையும் சென்சார் தனியாக எண்களாக மாற்றிக் கொடுத்துவிடுகிறது. அந்த எண்களைத்தான் பிராசசர் அப்புறம் சேர்க்கிறது. சென்சாரை ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் நாய்ஸைப் போட்டுவிடும். இதற்கு ரீட் நாய்ஸ் என்று பெயர். 9 ஷாட் என்றால் 9 வாசிப்பு, 9 தடவை ரீட் நாய்ஸ். போதாததற்கு, ஃபிலிமில் வெள்ளை மெல்ல மெல்லத்தான் நிறையும். டிஜிட்டலில் எண் உச்சத்தைத் தொட்ட இடத்தில் சட்டென்று வெட்டு விழும்.

கேனான் 5டி மார்க் 3 (2012) நான்கு கணக்குகளோடு வந்தது: அடிட்டிவ், ஆவரேஜ், பிரைட், டார்க். 2 முதல் 9 ஷாட் வரை அடுக்கலாம். நிகான் டி850இல் இதே நான்கும் ஆட், ஆவரேஜ், லைட்டன், டார்க்கன் என்ற பெயரில், 10 ஷாட் வரை. ஃபுஜிஃபில்ம் எக்ஸ்-ப்ரோ3இலும் நான்கும் உண்டு, 9 வரை. பழைய நிகான்களில் ஆட்டோ கெயின் என்ற ஒரே சுவிட்ச்தான்: ஆன் செய்தால் ஆவரேஜ் மாதிரி, ஆஃப் செய்தால் அப்படியே கூட்டல்.

கூட்டல்: அடிட்டிவ்

பிக்சல் பிக்சலாக எல்லா ஷாட்டையும் கூட்டுவது இது. ஒழுங்கான எக்ஸ்போஷரில் இரண்டு ஷாட் எடுத்துக் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப் அதிகம். ஹைலைட் (படத்தின் மிகப் பளிச்சென்ற பகுதி) எரிந்து விவரமில்லாத வெள்ளையாகிவிடும். அதனால்தான் ஃபிலிம் காலத்து வாய்ப்பாடு இங்கேயும் செல்லும்: 2 ஷாட்டுக்கு ஒவ்வொன்றையும் 1 ஸ்டாப் குறை, 3 என்றால் 1.5, 4 என்றால் 2, 8 என்றால் 3. ஆனால் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடங்களுக்குத்தான் இந்த வாய்ப்பாடு. இருட்டறையில் கருப்புத் துணி முன்னால் ஒருவரை நிறுத்தி, ஃபிளாஷ் போட்டு, இடம் மாற்றி மாற்றி நான்கு தடவை எடுக்கிறீர்கள் என்றால் எதையும் குறைக்க வேண்டாம். கருப்போடு எதைக் கூட்டினாலும் அதேதான் மிஞ்சும். நிகானில் இந்த மாதிரி வேலைக்கு ஆட்டோ கெயினை ஆஃப் செய்தே ஆக வேண்டும், இல்லையென்றால் ஆள் கால்வாசி வெளிச்சத்தில்தான் தெரிவார்.

சரி, ஸ்டாப் குறைத்துவிட்டோம், வெளிச்சம் சரியாக வந்துவிட்டது, பிறகு ஏன் நிழலில் இவ்வளவு நாய்ஸ்? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். சென்சார் வெளிச்சத்தை எலக்ட்ரான்களாக மாற்றித்தான் அளக்கிறது. ஆழ்ந்த நிழலில் உள்ள ஒரு பிக்சல், ஒரே ஷாட்டில் 16 எலக்ட்ரான் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சத்துக்கே இயல்பாக உள்ள ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 4. சென்சாரின் ரீட் நாய்ஸ் 3 என்று கொள்வோம். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் மொத்த நாய்ஸ் 5. அதே 16 எலக்ட்ரானை 9 ஷாட்டாகப் பிரித்துச் சேர்த்தால் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் அதே 4தான். ரீட் நாய்ஸ் மட்டும் 3இலிருந்து 9 ஆகிவிடும். மொத்தம் ஏறத்தாழ 10. வெளிச்சம் அதே அளவு, நாய்ஸ் இரு மடங்கு. ஆயிரக்கணக்கில் எலக்ட்ரான் சேரும் பளிச்சென்ற இடங்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் முகம் சுத்தமாக இருக்க, முகத்துக்குப் பின்னால் உள்ள சுவர் மட்டும் கெட்டுப்போகிறது.

இதுகூடப் பரவாயில்லை. ரீட் நாய்ஸ் தாறுமாறாக வருவதால் ஷாட்டுக்கு ஷாட் ஓரளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், 9 ஷாட்டில் 3 மடங்கோடு நின்றுவிடும். சென்சாரில் எப்போதும் அதே இடத்தில் வரும் குறைகள் இருக்கின்றனவே, அவை அப்படியில்லை. கிடைமட்டமாகவோ செங்குத்தாகவோ ஓடும் மெல்லிய கோடுகள், ஹாட் பிக்சல்கள் (வெளிச்சமே இல்லாதபோதும் ஒளிரும் பிக்சல்கள்), மூலையில் தெரியும் ஊதாச் சாயல் எல்லாம் ஒவ்வொரு ஷாட்டிலும் அதே பிக்சலில் அதே அளவில் உட்காரும். 9 ஷாட் கூட்டினால் முழுசாக 9 மடங்கு. தனி ஷாட்டில் கண்ணில் படாத கோடு, கூட்டிய படத்தில் கம்பி போட்டதுபோலத் தெரிவது இதனால்தான். ஷாட் கூடக்கூட நாய்ஸும், நிற ஒழுங்கின்மையும், பேண்டிங்கும் (கோடு கோடாகத் தெரிவதும்) கூடும் என்று கேனானின் கையேடே எச்சரிக்கிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

கூட்டலில் நிறம் மாறுவதற்கும் காரணம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. முகத்தோலில் முதலில் நிறைவது பெரும்பாலும் சிவப்பு. அது நின்றுவிட, அடுத்த ஷாட்டில் பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போனால் நெற்றியும் கன்னமும் மஞ்சளாகிவிடும். எடுத்து முடித்ததும் ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வெள்ளையில் மட்டும் பார்க்காமல் மூன்று நிறத்திலும் தனித்தனியாகப் பாருங்கள்.

சராசரி: ஆவரேஜ்

ஆவரேஜில் எல்லா ஷாட்டையும் ஒழுங்கான எக்ஸ்போஷரில்தான் எடுக்கிறோம். கேமரா கூட்டி, எண்ணிக்கையால் வகுத்துக்கொள்கிறது. 4 ஷாட்டை 2 ஸ்டாப் குறைத்துக் கூட்டுவதும், 4 முழு ஷாட்டைச் சராசரி எடுப்பதும் திரையில் ஏறத்தாழ ஒரே படத்தைத்தான் தரும். தரத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சராசரியில் சென்சார் மொத்தமாக வாங்கியிருப்பது நான்கு மடங்கு வெளிச்சம். அசையாத காட்சியில் நாய்ஸ் பாதியாகக் குறையும். 9 ஷாட்டில் மூன்றில் ஒரு பங்கு. புதிதாகத் தொடங்குபவர் அடிட்டிவுக்குப் போகுமுன் இதில் கை பழகுவது நல்லது என்பது என் கருத்து.

இதற்கும் இரண்டு வியாதி உண்டு. தாறுமாறான நாய்ஸ்தான் குறையும்; இடம் மாறாத கோடுகள் சராசரியில் குறையவும் செய்யாது, கூடவும் செய்யாது, அப்படியே நிற்கும். சுற்றியிருந்த நாய்ஸ் அடங்கிவிட்டதால், இதுவரை அதற்குள் ஒளிந்திருந்த கோடு வெளியே தெரியும். சென்சாரில் ஒட்டிய தூசியின் கரும்புள்ளியும் அப்படித்தான். படம் சுத்தமானதால் அழுக்கு பளிச்சென்று தெரிகிறது.

இரண்டாவது, ஹைலைட். ஒரு ஷாட்டில் தெருவிளக்கு எரிந்து வெள்ளைத் தட்டாக விழுந்திருக்கிறது, அடுத்த ஷாட்டில் அதே இடத்தில் இருட்டு. சராசரி எடுத்ததும் விளக்கு பாதி வெளிச்சத்துக்கு இறங்கி, உள்ளே எந்த விவரமும் இல்லாத அழுக்குச் சாம்பல் வட்டமாக நிற்கும். எடிட்டிங்கில் ஹைலைட்டை எவ்வளவு இழுத்தாலும் அதில் ஒன்றும் வராது, ஏனென்றால் விவரம் முதல் ஷாட்டிலேயே தொலைந்துவிட்டது. அதனால் ஆவரேஜில் எடுக்கும்போது ஒவ்வொரு ஷாட்டும் தனித்தனியாக எரியாமல் இருக்க வேண்டும். காட்சிகள் வேறு வேறாக இருந்தால் மொத்தப் படமும் மங்கலாகத்தான் வரும். ஒன்றின் கருப்பும் மற்றதன் வெள்ளையும் நடுவில் சந்தித்துக்கொள்கின்றன. இதைக் குறை என்று சொல்ல முடியாது, ராவில் (சென்சார் தந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுத்திருந்தால் கான்ட்ராஸ்டை ஏற்றிச் சரிசெய்துவிடலாம்.

பிரைட், டார்க்: ஒரு கோபுரமும் நிலாவும்

பிரைட்டில் ஒவ்வொரு பிக்சலிலும் எந்த ஷாட் அதிக வெளிச்சமோ அது மட்டும் மிஞ்சும். டார்க்கில் நேர்மாறு. இவை எங்கே உதவும் என்பதைப் பலரும் எடுத்துப் பார்க்கும் ஒரு படத்தை வைத்தே சொல்லலாம். விளக்கு போட்ட கோபுரம், அதன் பக்கத்தில் பெரிய முழுநிலா.

நிலாவுக்கு டெலி லென்ஸில் ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/100 நொடி என்பது நம்பகமான தொடக்கம். எஃப்/8 என்றால் 1/200. வெயில் அடிக்கும் பாறைதானே நிலா, நீண்ட எக்ஸ்போஷர் கொடுத்தால் வெறும் வெள்ளை வட்டம்தான் கிடைக்கும். கோபுரத்துக்கு டிரைபாடில் ஐஎஸ்ஓ 100, எஃப்/8, விளக்கைப் பொறுத்து 2 முதல் 4 நொடி.

இந்த இரண்டையும் அடிட்டிவில் சேர்த்தால், கோபுர ஷாட்டில் வானம் முழுக் கருப்பாக இருந்தால் மட்டும்தான் சரியாக வரும். அந்தி நீலமோ ஊர் விளக்கின் மஞ்சளோ வானத்தில் இருந்தால் அது நிலாவின் மேலும் ஏறிக்கொள்ளும். நிலாவின் கருந்திட்டுகள் வெளுத்துப்போகும். ஆவரேஜில் கோபுரம் ஒரு ஸ்டாப் இருண்டு, நிலா சாம்பலாகும். பிரைட்டில் நிலா இருக்கும் இடத்தில் நிலா, மற்ற இடத்தில் கோபுர ஷாட் என்று இரண்டும் முழு வெளிச்சத்தில் நிற்கும். நிலாவை வானம் காலியாக இருக்கும் இடத்தில் வையுங்கள். கலசத்தின் மேல் வைத்தால் நிலா கோபுரத்துக்கு முன்னால் வந்து நிற்கும், பார்ப்பவர் சிரித்துவிடுவார்.

லென்ஸ் மாற்றும்போது கேமராவை ஆஃப் செய்யாதீர்கள். பல கேமராக்களில் ஆஃப் செய்தாலே தொடர் ரத்தாகிவிடும். பல நிகான்களில் இயல்பு அமைப்பில் 30 நொடி எதுவும் செய்யாமல் இருந்தாலும் அதுவரை எடுத்ததோடு முடித்துவிடும். ஸ்டாண்ட்பை டைமரை நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். 5டி மார்க் 3 போன்ற கேனான்களில் கார்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு ரா படத்தை அடிப்படையாக வைத்து அதன் மேல் எடுக்கலாம். நிலாவை முதல் நாளே எடுத்து வைத்துக்கொண்டு மறுநாள் கோபுரத்துக்குப் போகலாம், லென்ஸ் மாற்றும் அவசரமும் தூசியும் மிச்சம்.

பிரைட்டின் குறை நட்சத்திரங்கள் நகரும் தடத்தைக் கோடாகக் காட்டும் நட்சத்திரப் பாதைப் படங்களில்தான் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பிக்சலிலும் பெரிய எண்ணையே எடுப்பதால் நாய்ஸின் மேல்முனைகள் மட்டும் தேர்வாகி நிற்கும். 9 ஷாட்டில் கருப்பு வானத்தின் சராசரி, நாய்ஸ் அளவைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மேலே ஏறிவிடும். வானம் கருப்பாக இல்லாமல் கரிச்சாம்பலாக வருவதன் காரணம் இது. ஹாட் பிக்சல் ஒன்றுகூடத் தப்பாது, சிவப்பும் நீலமுமாய்ப் புள்ளிகள். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் புள்ளி குறையும், ஆனால் 30 நொடி ஷாட்டுக்குப் பிறகு இன்னொரு 30 நொடி கேமரா, புள்ளிகளைக் கழிப்பதற்காக, ஷட்டரை மூடியபடி ஒரு கருப்பு ஃப்ரேம் எடுத்துக்கொண்டிருக்க, நட்சத்திரக் கோடு துண்டு துண்டாகும். ஒலிம்பஸ் கேமராக்களின் லைவ் காம்போசிட் இதே வேலைக்கென்றே செய்யப்பட்டது. அங்கே கருப்பு ஃப்ரேமைத் தொடக்கத்திலேயே ஒரு தடவை எடுத்து வைத்துக்கொள்கிறது. கோடைக்கால இரவில் லைவ் வியூவை நெடுநேரம் ஓட விட்டால் சென்சார் சூடாகி இந்தப் புள்ளிகள் பெருகும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஜேபெக்கில் எடுத்தால்

ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. மூன்று ஸ்டாப் குறைத்து எடுத்தால் ராவிலும் 2,048 படிக்குள்தான் படம் அடங்கும், ஆனால் அது தாராளம். ஜேபெக்கில் அப்படியில்லை, வானம் போன்ற மென்மையான இடங்களில் நிறம் படிக்கட்டு மாதிரி இறங்கத் தொடங்கும். முன்பு சொன்ன சென்சார் கோட்டையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். படிக்கட்டு வானத்தின் நிற மாற்றத்தை ஒட்டி வளைந்து போகும். சென்சார் கோடு ஃப்ரேமின் விளிம்புக்கு இணையாக நேராகப் போகும். முதலாவதற்கு மருந்து ரா, இரண்டாவதற்கு மருந்து குறைந்த ஐஎஸ்ஓவும் குறைவான ஷாட்டும்.

கம்ப்யூட்டரில் ஜேபெக்குகளை அடுக்குபவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஜேபெக்கின் எண்கள் வெளிச்சத்தின் நேர் அளவு அல்ல, கண்ணுக்கேற்ப வளைத்த அளவு. கருப்பு 0, வெள்ளை 255. இரண்டின் சராசரி 128 என்று மென்பொருள் போட்டுவிடும். உண்மையில் அந்த வெளிச்சத்தில் பாதி என்பது ஜேபெக்கில் 188. இந்த வித்தியாசத்தால்தான் அடுக்கிய படத்தில் பாதி தெரியும் உருவங்கள் இருண்டு, செத்த மாதிரி இருக்கின்றன. ஜேபெக்கில் ஷார்ப்னிங்கும் முன்கூட்டியே ஏறியிருக்கும். அடுக்கும்போது ஒவ்வொன்றின் விளிம்பிலும் உள்ள வெள்ளைக்கோடு இரட்டிக்கும். வேறு வழியில்லாமல் ஜேபெக்தான் என்றால் ஷார்ப்னஸையும் கான்ட்ராஸ்டையும் குறைத்து வைத்து எடுங்கள்.

கூர்மை குறைவது

பிக்சல்மேல் பிக்சல் சரியாக உட்கார வேண்டிய படமென்றால் டிரைபாட் இல்லாமல் வேலையே இல்லை. டிரைபாடில் வைத்த பிறகு ஸ்டெபிலைசேஷனை ஆஃப் செய்துவிடுங்கள். சில கேமராக்களில் ஷாட்டுக்கு ஷாட் சென்சார் நிற்கும் இடம் இம்மி மாறும், அந்த இம்மியே படத்தைக் கெடுக்கப் போதும். 2 நொடி டைமர் அல்லது ரிமோட். ஃபோகஸை மேனுவலில் பூட்டுங்கள். ஃபோகஸ் தூரம் மாறினால் பல லென்ஸ்களில் ஃப்ரேமின் அளவே சற்று சுருங்கி விரியும், நடுவில் பொருந்திய படம் ஓரத்தில் பொருந்தாது.

வெளிச்சத்தைக் குறைக்க அபெர்ச்சரை எஃப்/22 வரை மூடுவது பலரும் செய்வது. ஏபிஎஸ்-சி சென்சாரில் எஃப்/11ஐத் தாண்டினாலே, சிறிய துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷன் கூர்மையைத் தின்னத் தொடங்கிவிடும். ஷட்டர் நேரத்தைக் குறையுங்கள், போதாவிட்டால் என்டி ஃபில்ட்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) போடுங்கள்.

ஐஎஸ்ஓ, வொய்ட் பேலன்ஸ் இரண்டும் ஆட்டோவில் இருக்கக் கூடாது. ஆக்டிவ் டி-லைட்டிங் போல நிழலைத் தானாகத் தூக்கும் வசதிகளையும் அணைத்துவிடுங்கள். பல கேமராக்கள் இந்த முறையில் தாமாகவே அணைத்துவிடும். எல்ஈடி, டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் நொடிக்கு 100 தடவை மினுங்கும் விளக்குகள் நிறைய. 1/250இல் எடுத்த நாலு ஷாட்டில் நாலு விதமான வெளிச்சமும் குறுக்குப் பட்டைகளும் வரும்.

சென்சாரை ஒரே ஒரு தடவை வாசித்து, ஃபிலிம் மாதிரியே உண்மையான மல்டிபிள் எக்ஸ்போஷர் எடுக்கவும் வழி இருக்கிறது. வாணவேடிக்கை எடுப்பவர்களுக்குத் தெரிந்த வழிதான். டிரைபாடில் பல்ப் மோடு (அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் முறை), ஐஎஸ்ஓ 100, எஃப்/11. ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு லென்ஸுக்கு முன்னால், தொடாமல், ஒரு கருப்பு அட்டையைப் பிடியுங்கள். வெடி மேலே போகும்போது அட்டையை எடுங்கள், விரிந்து முடிந்ததும் மறையுங்கள். நாலைந்து வெடி சேர்ந்ததும் ஷட்டரை மூடுங்கள். ஒரு தடவை வாசித்ததற்கான ரீட் நாய்ஸ்தான் படத்தில் இருக்கும், சென்சார் கோடும் பெருகாது. இருட்டில் மட்டுமே இது நடக்கும்.

மற்ற எல்லாவற்றுக்கும், மூல ஷாட்டுகளைச் சேமிக்கும் வசதி மெனுவில் இருந்தால் அதை ஆன் செய்து வையுங்கள். கேமரா சேர்த்து முடித்த படத்தை மறுபடி பிரிக்க முடியாது. மூல ரா கையில் இருந்தால் கம்ப்யூட்டரில் 16 பிட்டில் திரும்ப அடுக்கலாம், ஹாட் பிக்சலை ஒவ்வொன்றாகத் துடைக்கலாம், ஒரு ஷாட்டை மட்டும் கால் ஸ்டாப் ஏற்றலாம். அப்படியென்றால் கேமராவில் எதற்கு எடுப்பது என்று கேட்கலாம். லைவ் வியூவில் முதல் படம் மங்கலாகத் தெரிய, அதன் மேல் இரண்டாவதைப் பொருத்தும் வசதி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கிடைக்காது. கேமராவின் படத்தை வரைவாக வைத்துக்கொண்டு, இறுதிப் படத்தை மூலத்திலிருந்து செய்வது என்ற வழக்கம் பலருக்கும் ஒத்துவரும்.

உங்கள் கேமரா எதுவரை தாங்கும் என்று அறியப் பத்து நிமிடம் போதும். லென்ஸ் மூடியைப் போட்டு, வியூஃபைண்டர் வழியாக வெளிச்சம் புகாமல் மறைத்து, அடிட்டிவில் ஐஎஸ்ஓ 400, 1/60 நொடியில் 4 ஷாட் ராவில் எடுங்கள். பிறகு 9 ஷாட். அதே இரண்டையும் ஐஎஸ்ஓ 1600, 6400இலும் எடுங்கள். மென்பொருளில் எல்லாவற்றையும் 3 ஸ்டாப் ஏற்றி 100 சதவீதத்தில் பாருங்கள். ஒழுங்கில்லாத பொடி தெரிந்தால் அது நாய்ஸ், பொறுத்துக்கொள்ளலாம். விளிம்புக்கு இணையாக நேர்க்கோடு தெரிகிறதா, எந்த ஐஎஸ்ஓவில் எத்தனையாவது ஷாட்டில் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு படி கீழே உள்ளதுதான் அந்தக் கேமராவில் அடிட்டிவுக்கான எல்லை.